சட்டைக்கு என்ன தெரியும்?

கேள்வி இது: புதிதாக வாங்கிய சட்டையின் விலை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, உள்ளே வளைந்து வளைந்து ஓடும் ஓர் உலோகக் கோடும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும் தெரிந்ததாம். "இது ஆர்எஃப்ஐடி சிப் என்கிறார்கள். இனி எல்லாப் பொருளிலும் வரும், எல்லாம் நெட்வொர்க்கில் சேரும், எங்கும் நிறைந்த கணினி என்பது இதுதான் என்கிறார்கள். அப்படியானால் நான் போகுமிடமெல்லாம் இந்தச் சட்டை யாருக்காவது தகவல் சொல்லுமா? போனை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அட்டையை வெட்டிப் போட்டால் போதுமா?"

வெட்டிப் போட்டால் போதும். சட்டை தானாகப் போய் யாரிடமும் எதையும் சொல்லாது. சொல்ல அதற்குத் தெம்பும் இல்லை, தெரிந்த விஷயமும் இல்லை. ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அதை ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. இந்தச் சிப்புகளை வானலை மூலம் தொடாமலே படிக்கும் கருவிக்கு ரீடர் என்று பெயர். கிடங்குகளிலும் கடைகளிலும் இந்த ரீடர்களை மாட்டுவதும், அவை படிக்காதபோது ஏணியில் ஏறி நிற்பதும்தான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த அட்டையை மறுபடி எடுங்கள். பின்னால் டார்ச் அடித்தால் தெளிவாகத் தெரியும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மீசை மாதிரி விரிந்திருப்பதுதான் ஆன்டெனா. மெல்லிய அலுமினியப் படலம். ஆன்டெனாவும் சிப்பும் சேர்ந்ததை டேக் என்போம். இந்த வகை டேக் சுமார் 900 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அந்த அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். ஆன்டெனாவுக்கு அதில் பாதி இருந்தால் சௌகரியம், அதாவது 16 சென்டிமீட்டர் சொச்சம். விலை அட்டையில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அதனால்தான் பாம்பு நெளிவது போல மடித்துப் போட்டிருக்கிறார்கள். நடுவே ஒரு சின்ன வளையம், அதன் வாயில் அந்தப் புள்ளி. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அதுதான் சிப். பேட்டரியைத் தேட வேண்டாம், கிடையாது.

பேட்டரி இல்லாத சிப் எதைத் தின்று உயிர் வாழ்கிறது? ரீடர் அனுப்பும் வானலையைத்தான். பெரிய ரீடர் ஒன்று ஆன்டெனா வழியாக ஒரே திசையில் குவித்து, 4 வாட் அளவுக்கு அலையை வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் டேக்கின் கைக்கு அதில் வந்து சேர்வது சில பத்து மைக்ரோவாட். சார்ஜரில் எரியும் பொட்டு அளவு எல்இடி எடுக்கும் மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூரம் இரண்டு மடங்கானால் இதுவும் கால்வாசியாகிவிடும். நல்ல சிப் பத்து மைக்ரோவாட்டோ அதற்கும் குறைவோ கிடைத்தாலே கண் விழிக்கும். விழித்ததும் தன் எண்ணைச் சொல்லிவிட்டு, அலை நின்றதும் மறுபடி பிணம். ரீடர் இல்லாத தெருவில் நீங்கள் நடக்கும்போது உங்கள் சட்டை உறங்கிக்கொண்டுகூட இல்லை. அதில் எதுவுமே ஓடவில்லை.

"சொல்கிறது" என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். சிறுவயதில் கைக்கண்ணாடியை வெயிலில் காட்டி எதிர்ச்சுவரில் வெளிச்சம் அடித்திருப்பீர்கள். கண்ணாடிக்கு என்று சொந்த வெளிச்சம் ஏதும் இல்லை. அதை ஆட்டி ஆட்டி எதிரே இருப்பவனுக்குச் சைகை காட்டலாம், அவ்வளவுதான். டேக் செய்வதும் அதுவே. ரீடரின் அலை விழும்போது, சிப் தன் ஆன்டெனாவின் மின்தடையை மாற்றி மாற்றி, ஒரு கணம் அதிகமாகவும் ஒரு கணம் குறைவாகவும் பிரதிபலிக்கிறது. அந்த ஏற்ற இறக்கமே ஒன்றும் பூஜ்யமுமாக ரீடருக்குத் திரும்புகிறது.

இந்தக் கண்ணாடி வித்தைக்கு வயது அதிகம். 1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். உள்ளே ரஷ்யக் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரமின் வடிவமைத்த ஒரு ஒட்டுக்கேட்கும் கருவி. பேட்டரி இல்லை, மின்கம்பி இல்லை. வெளியிலிருந்து அலையை வீசினால் மட்டும் உயிர் பெற்று, அறைக்குள் பேசுவதைப் பிரதிபலிப்பில் ஏற்றி அனுப்பும். 1952 வரை தூதரின் இல்லத்தில் மாட்டியே இருந்தது. நடுவில், 1948இல், ஹாரி ஸ்டாக்மேன் என்பவர் பிரதிபலித்த ஆற்றலைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். உங்கள் சட்டை அட்டையின் பூர்வீகத்தில் ஓர் உளவுக் கருவி இருப்பது உண்மைதான். பேரன் அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை.

சிப்புக்குள் என்ன எழுதியிருக்கும்? உங்கள் பெயர் இல்லை, விலைகூட இல்லை. பெரும்பாலும் 96 பிட் நீளமுள்ள, அதாவது 96 ஒன்று-பூஜ்யங்களால் ஆன, ஓர் எண். அதில் ஒரு பகுதி நிறுவனத்தைக் குறிக்கும், ஒரு பகுதி பொருளின் வகையைக் குறிக்கும், கடைசி 38 பிட் வரிசை எண். பார்கோடுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 38 பிட்டில்தான் இருக்கிறது. பார்கோடு "நீல நிறம், நடுத்தர அளவு, இந்த மாடல் சட்டை" என்ற இனத்தைச் சொல்லும். அதே மாதிரி ஆயிரம் சட்டைக்கும் அதே கோடுகள். டேக் "அந்த ஆயிரத்தில் இந்தச் சட்டை" என்று ஆளைச் சொல்லும். 38 பிட்டில் 27,000 கோடிக்கும் மேல் எண்கள் அடங்கும், ஒரே ஒரு மாடலுக்கு. யாரும் அவ்வளவு சட்டை தைக்கப்போவதில்லை.

இன்னொரு வித்தியாசம், பார்கோடை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். டேக்கைக் காட்ட வேண்டியதில்லை. மூடிய பெட்டிக்குள் நூறு சட்டை இருந்தாலும் வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். கேட்க மாயம் போல இருக்கும், ஆனால் நூறு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சந்தைக் கூச்சல்தான். ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டால் "நீ பேசு, நான் இருக்கிறேன்" என்று ஒதுங்கலாம். இந்த டேக்குகளுக்குப் பக்கத்து டேக் இருப்பதே தெரியாது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த பகுதி இதைத் தீர்த்த விதம்.

ரீடர் முதலில் ஒரு வரம்பைச் சொல்கிறது: "எட்டு இடம் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்." ஒவ்வொரு டேக்கும் தனக்குள் ஒரு எண்ணைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளும். ரீடர் ஒன்று ஒன்றாக எண்ணிக்கொண்டே வரும்; தன் முறை வந்த டேக் முழு எண்ணைச் சொல்லாது, 16 பிட்டில் ஒரு தற்காலிகப் பெயரை மட்டும் முணுமுணுக்கும். ரீடருக்கு அது தெளிவாகக் கேட்டால் அதே பெயரைத் திருப்பிச் சொல்லும். "என்னைத்தான் கூப்பிடுகிறார்" என்று தெரிந்த பிறகே டேக் தன் முழு எண்ணைக் கொடுக்கும். கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் வாயை மூடிக்கொள்ளும். இரண்டு டேக் ஒரே இடத்தை எடுத்திருந்தால் பெரும்பாலும் குழப்பம்தான், அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். எட்டு டேக்குக்கு எட்டு இடம் கொடுத்தால் முதல் சுற்றில் சராசரியாக மூன்றுதான் மோதலில்லாமல் தப்பும். இது பெரிய வீணடிப்பாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றும் கண் இமைக்கும் நேரம்கூட எடுக்காது; கூட்டத்தைப் பார்த்து ரீடர் இடங்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். முடிவில் நொடிக்கு நூற்றுக்கணக்கில் படித்துத் தள்ளிவிடும். இந்தச் சூதாட்ட முறையின் ஊற்று, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1971இல் தீவுகளுக்கு இடையே கணினிகளை வானொலி வழியாக இணைத்த அலோஹா வலைப்பின்னல். தீவுகளுக்குச் சொன்ன தீர்வு இப்போது சட்டைப் பெட்டிக்குள் ஓடுகிறது.

இதெல்லாம் காகிதத்தில். கிடங்கில் நடப்பது வேறு. தண்ணீரும் உலோகமும் எங்களுக்குச் சனி. ஷாம்பு பாட்டில், குடிநீர் கேன், ஜூஸ் பெட்டி, எதுவானாலும் 900 மெகாஹெர்ட்ஸ் அலை உள்ளே போனால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். உலோகத்தின்மேல் நேராக ஒட்டினால் அங்கே பட்டுத் திரும்பும் அலை, வந்த அலையையே அடித்துப்போட்டுவிடும். நடுவில் சில மில்லிமீட்டர் நுரைத்தாள் வைத்தால் பிழைக்கும். வால்மார்ட் 2003இல் தன் முதல் நூறு சப்ளையர்களிடம் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் அடுக்குகளிலும் டேக் ஒட்டியாக வேண்டும் என்று சொன்னபோது உலகமே மாறப்போகிறது என்று பேசினார்கள். எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. செலவு சப்ளையர் தலையில், லாபம் கடைக்காரன் பையில் என்பது ஒரு காரணம். திரவமும் தகரமும் நிறைந்த சரக்கு இன்னொரு காரணம். பிறகு துணிக்கடைகள்தான் இதைக் காப்பாற்றின. துணி வானலைக்குக் காற்று மாதிரி, ஊடுருவிப் போய்விடும். அதோடு ஒரே சட்டையில் ஆறு அளவு, எட்டு நிறம் என்று எண்ணிக்கை தலைவலி உள்ள இடமும் அதுதான். இண்டிடெக்ஸ், டெக்கத்லான், யூனிக்லோ போன்றவை பொருளுக்கு ஒரு டேக் என்று இறங்கியது இதனால்தான்.

படிக்காதது ஒரு தொல்லை என்றால், படிக்கக் கூடாததைப் படிப்பது அதைவிடப் பெரிய தொல்லை. ஒரு கிடங்கில் வாசலில் ரீடர் மாட்டியிருந்தோம். ஒரு பெட்டிச் சட்டை தினமும் காலை ஒன்பது மணிக்கு வெளியே போய், பத்து மணிக்கு உள்ளே வந்தது. மாலையும் அதே கதை. ஸ்டாக் அறிக்கையில் அது ஏறி இறங்கி ஏறி இறங்கி, மேலாளர் என்னைக் கூப்பிட்டு "பெட்டிக்குக் கால் முளைத்துவிட்டதா?" என்றார். மூன்று நாள் ரீடரின் சக்தியைக் குறைத்தோம், ஆன்டெனாவைத் திருப்பினோம், சாஃப்ட்வேரைத் திட்டினோம். நான்காம் நாள் காலை வாசலில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. கூட்டிப் பெருக்கும் அம்மா, நீளப் பிடி வைத்த துடைப்பத்தோடு வெளியே போனார். பிடியில் ஒரு லேபிள். கிழிந்த பெட்டியிலிருந்து விழுந்ததை யாரோ அதில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டி எப்போதோ லாரி ஏறிவிட்டது. சிஸ்டத்துக்குப் பெட்டியையும் தெரியாது, சட்டையையும் தெரியாது. ஓர் எண் ஒரு வாசலைக் கடந்தது என்பது மட்டும்தான் தெரியும். மீதியெல்லாம் நாம் சேர்த்துக்கொண்ட ஊகம். உங்கள் கேள்விக்கான பதில் பாதி இந்தத் துடைப்பத்தில் இருக்கிறது.

போனில் வரவில்லை என்றீர்களே, வராது. போனில் இருப்பது என்எஃப்சி, அது 13.56 மெகாஹெர்ட்ஸ். நூலகப் புத்தகம், ஓட்டல் அறைச் சாவி, சில்லறை தட்டிச் செலுத்தும் வங்கி அட்டை, மின்னணுக் கடவுச்சீட்டு எல்லாம் அந்த அலைவரிசை. அங்கே ஆன்டெனா மீசையாக இருக்காது, கோலம் மாதிரி சுற்றிச் சுற்றி வரும் சுருளாக இருக்கும். காந்தப்புலத்தில் வேலை செய்வதால் போனில் சில சென்டிமீட்டர்தான் எட்டும். இன்னும் கீழே 134.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு வகை இருக்கிறது. நாய், பூனை, மாட்டுக்குத் தோலுக்கடியில் போடும் அரிசி அளவுக் கண்ணாடிக் குப்பி. சதையில் ஊடுருவ அந்த அலைதான் லாயக்கு. "ஆர்எஃப்ஐடி" என்று ஒரே பெயரில் அழைத்தாலும், ஒன்றின் ரீடருக்கு மற்றொன்று செவிடு.

இனி "எங்கும் நிறைந்த கணினி" விஷயம். தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்பது போல ஒரு கனவு அது, ஆனால் கனவு கண்டவர் மனதில் இருந்தது துரும்பு இல்லை. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மார்க் வெய்சர் 1988 வாக்கில் இந்தப் பெயரைக் கொடுத்தார். 1991இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரைதான் அதைப் பரப்பியது. எழுத்து நம் கண்ணில் எங்கும் பட்டும் நாம் அதைத் தனியாகக் கவனிப்பதில்லையே, அதுபோலக் கணினியும் பின்னணியில் கரைந்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். உள்ளங்கை அளவு, புத்தக அளவு, சுவர் அளவு என்று மூன்று தினுசு செய்து பார்த்தார்கள். ஓர் அறையில் நூற்றுக்கணக்கில் இருக்கும், யாருக்கும் சொந்தமில்லாமல் கிழித்துப்போடும் தாள் மாதிரி எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது திட்டம். அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் ஊழியர்கள் அகச்சிவப்பு பேட்ஜ் அணிந்தார்கள். சில நொடிக்கு ஒரு முறை அது தன் அடையாளத்தை உமிழும், கட்டடம் ஆள் எந்த அறையில் என்று தெரிந்துகொண்டு பக்கத்துப் போனை ஒலிக்க வைக்கும். அப்போதே "மேலதிகாரி என்னைக் கண்காணிக்க இது உதவுமே" என்ற கேள்வியும் எழுந்துவிட்டது. பேட்ஜைக் கழற்றி மேசையில் வைக்கலாம் என்பதுதான் பதில். உங்கள் கத்தரிக்கோலும் அதே பதில்தான்.

வெய்சர் 1999இல் இறந்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், பொருள்களைத் தானாக அடையாளம் காணும் வழி தேட ஆட்டோ-ஐடி மையம் தொடங்கியது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் உதட்டுச்சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த கெவின் ஆஷ்டனுக்கு ஒரு தலைவலி இருந்தது: ஒரு குறிப்பிட்ட நிறம் கடை அலமாரியில் எப்போதும் காலி, கிடங்கில் மட்டும் குவிந்து கிடக்கும். ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு டேக் வைத்தால் அலமாரிக்கே தெரிந்துவிடும் என்று நிர்வாகத்திடம் விளக்கக் காட்சி காட்டினார். அதற்கு வைத்த தலைப்பில்தான் "பொருள்களின் இணையம்" என்ற தொடர் வந்தது. விலைதான் முட்டுக்கட்டை. எம்ஐடியில் சஞ்சய் சர்மாவும் கூட்டாளிகளும் அதை உடைத்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. சிப்பில் நினைவகம், அறிவு, பாதுகாப்பு என்று சேர்த்துக்கொண்டே போனால் சிப் பெரிதாகும், விலை ஏறும். அதனால் தலைகீழாக யோசித்தார்கள்: சிப்பை முடிந்தவரை முட்டாளாக்கு, எண் மட்டும் இருக்கட்டும், மற்றதெல்லாம் நெட்வொர்க்கில் இருக்கட்டும். ஐந்து அமெரிக்க சென்ட்டுக்கு டேக் என்ற இலக்கு இதிலிருந்துதான் பிறந்தது.

வெய்சர் கனவில் பொருள்களுக்கே புத்தி இருந்தது. நமக்குக் கிடைத்த பொருள்களுக்கு அடையாள எண் மட்டும்; புத்தி போய்ச் சேர்ந்தது சர்வருக்கு. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். ஜப்பானில் கணினி விஞ்ஞானி கென் சகமுரா 2003இல் தொடங்கிய மையம் 128 பிட் எண்ணைப் பொருளுக்கு மட்டுமில்லாமல் இடத்துக்கும் கொடுத்தது; தெருமுனைக்கும் ஓர் எண், தூணுக்கும் ஓர் எண் என்று டோக்கியோவில் சோதனைகள் நடந்தன. கையில் கருவி வைத்திருப்பவருக்கு இடம் தன்னைப் பற்றிச் சொல்லும். வெய்சர் பார்த்திருந்தால் இதைத்தான் தன் வாரிசு என்று சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். நுகர்பொருள் உலகம் தேர்ந்தெடுத்தது எம்ஐடி வழியை.

ஆக, வலைப்பின்னல் என்று நீங்கள் கேட்டதைச் சட்டைக்குள் தேடினால் கிடைக்காது. வாசல் ரீடர் நொடிக்கு நூறு தடவை ஒரே எண்ணைக் கத்தும். நடுவில் ஒரு மென்பொருள் அதைச் சலித்து "இந்த எண், இந்த நேரம், இந்த வாசல், இன்ன காரியத்துக்காக" என்று ஒரே வரியாக எழுதும். எது, எப்போது, எங்கே, ஏன். இந்த நான்கு சேர்ந்த வரிக்கு 2007 முதல் பொதுத் தரம் இருக்கிறது. தொழிற்சாலை, கப்பல் கொள்கலன், கிடங்கு, கடை என்று ஒரே சட்டையின் வரிகள் பல நிறுவனங்களின் ஏட்டில் சிதறிக் கிடக்கும். ஒருவர் ஏட்டை இன்னொருவருக்குக் காட்டினால்தான் கதை முழுமையாகும். காட்டுவதில் யாருக்கும் ஆர்வம் இல்லை என்பது தொழில் ரகசியம்கூட இல்லை.

உளவுக்கு வருவோம். வழியில் போகும் ஒருவர் ரீடரை உங்கள் மேல் காட்டினால் என்ன கிடைக்கும்? சட்டையை அணிந்திருக்கிறீர்கள், டேக் உடம்போடு ஒட்டியிருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. நம் உடம்பு ஒரு தண்ணீர்க் குடம், அலையைக் குடித்துவிடும். பையில் தொங்கினால் சில மீட்டரில் படிக்கலாம். படித்தாலும் ஓர் எண், அதிலிருந்து எந்த பிராண்ட் என்பது. பெயர் வராது. ஆபத்து அந்த எண்ணில் இல்லை, எண் மாறாமல் இருப்பதில் இருக்கிறது. காலணியில் ஒன்று, பையில் ஒன்று, சட்டையில் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்து நேற்று ஒரு வாசலில், இன்று இன்னொரு வாசலில் தெரிந்தால், பெயர் தெரியாமலே "அதே ஆள்" என்று சொல்லிவிடலாம். பெயர் எப்போது சேரும் என்றால், பில் போடும்போது. வங்கி அட்டையோ கடையின் உறுப்பினர் அட்டையோ கொடுத்த அந்த ஒரு நொடியில் சட்டை எண்ணும் உங்கள் பெயரும் ஒரே வரியில் ஏற வாய்ப்பிருக்கிறது. அதற்குப் பிறகு அதே நிறுவனத்தின் எந்தக் கடை வாசலில் நுழைந்தாலும் வாசலுக்கு நீங்கள் யார் என்று தெரியக்கூடும். எல்லாக் கடையும் இப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. தொழில்நுட்பம் இதைத் தடுக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

மக்கள் இதை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். 2003இல் பெனட்டன் உடைகளில் டேக் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் புறக்கணிப்பு இயக்கம் கிளம்பி, நிறுவனம் பின்வாங்கியது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் டெஸ்கோ கடை ஒன்றில் ஜில்லெட் ரேசர் பாக்கெட்டை அலமாரியிலிருந்து எடுத்தால் கேமரா படம் எடுக்கும் சோதனை அம்பலமானது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ரைன்பெர்க்கில் மெட்ரோ நிறுவனத்தின் 'எதிர்காலக் கடை'யில் உறுப்பினர் அட்டைக்குள்ளேயே சொல்லாமல் சிப் வைத்தது தெரிந்து, போராட்டத்துக்குப் பிறகு அட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள். மூன்றையும் பாருங்கள், எதிலும் சிப் தானாகக் குற்றம் செய்யவில்லை. கேட்காமல் வைத்ததும், வேறொன்றோடு கோர்த்ததும்தான் கோபத்துக்குக் காரணம்.

டேக் செய்பவர்கள் எல்லோரும் பின்பற்றும் பொதுத் தரத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. 2004இல் வந்த இரண்டாம் தலைமுறை டேக்கில் 32 பிட் கடவுச்சொல்லோடு ஒரு 'கொலை' ஆணை இருக்கிறது. பில் கவுன்டரில் அதைக் கொடுத்தால் டேக் செத்துவிடும், பிறகு யார் கூப்பிட்டாலும் எழாது. ஐரோப்பிய ஆணையம் 2009இல், ஆபத்தில்லை என்று மதிப்பீடு காட்டாதவரையில் அல்லது வாடிக்கையாளர் சம்மதிக்காதவரையில் கடையிலேயே டேக்கைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறையில் பல கடைகள் கொல்வதில்லை. சட்டை திரும்ப வந்தால் எண்ண வேண்டுமே என்பார்கள். அதற்குப் பதில், அட்டையிலேயே வைத்துவிட்டு "நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவது அவர்களுக்குச் சுலபம். 2013இல் வந்த திருத்தத்தில் எண்ணை மறைக்கவும் தூரத்தைக் குறைக்கவும் வசதி சேர்த்திருக்கிறார்கள். வசதி இருப்பது வேறு, ஐந்து சென்ட் டேக்கில் அதை யாராவது போடுவது வேறு.

போலி பற்றி ஒரு வார்த்தை. சட்டை டேக்கின் எண்ணை இன்னொரு டேக்கில் எழுதுவது பெரிய வித்தை இல்லை. அதனால் "சிப் இருக்கிறது, ஆகவே அசல்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அசல் சிப்போடு ரகசிய விசை, புதுப்புது கேள்வி பதில் எல்லாம் இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். அதிலும் கோட்டை விட்டிருக்கிறார்கள்: பயண அட்டைகளிலும் கதவுகளிலும் உலகம் முழுக்கப் பரவிய மைஃபேர் கிளாசிக் சிப்பின் 48 பிட் ரகசிய முறையை 2007, 2008இல் ஆய்வாளர்கள் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். சட்டையை விட அலுவலகக் கதவு அட்டையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம்.

உண்மையில் உங்களைப் பற்றி எங்கும் சொல்லிக்கொண்டே போகும் ஒரு பொருள் உங்களிடம் இருக்கிறது. அதற்கு பேட்டரி இருக்கிறது, இடம் தெரியும், பெயர் தெரியும், அதைத்தான் நீங்கள் அந்த அட்டையின்மேல் வைத்துச் சோதித்தீர்கள்.

கடைசியாகக் கத்தரிக்கோல். விலை அட்டையில் இருந்தால் கழற்றிக் குப்பையில் போட்டாலே முடிந்தது. சில உடைகளில் துவைக்கும் முறை எழுதிய உள்லேபிளில் தைத்திருப்பார்கள். தடித்த, இரண்டு அடுக்கான துணியாக இருந்தால் விரலால் நெருடிப் பாருங்கள், நடுவில் ஒரு சிறு விறைப்பு தட்டுப்படும். மீசையின் ஓரத்தை மட்டும் நறுக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதனால் தூரம்தான் குறையும்; நடு வளையமும் சிப்பும் மிச்சமிருந்தால் ரீடரைக் கிட்டத்தில் வைத்து இன்னும் படிக்கலாம். புள்ளியின் குறுக்கே, வளையத்தோடு சேர்த்து ஒரு வெட்டு. வெட்டுவதற்கு முன் சட்டையைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லையா என்று மட்டும் ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.